அப்பாவின் அறிவித்தலில் இல்லாத பெயர்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால், அம்மா சுற்றி வளைக்கிறா என்று நீ பாதியைத் தாண்டிப் போய்விடுவாய். ஆகவே நேரே வருகிறேன். போன ஞாயிறு நீ மெல்பேர்னிலிருந்து போன் எடுத்தாய். அங்கே கிரெய்கிபர்னில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டதைச் சொன்னாய். அடுத்த மாதம் நீயும் ஹெலனும் பதிவுத் திருமணம் செய்யப் போவதைச் சொன்னாய். "விருப்பமெண்டா வாங்கோ" என்றாய். பிறகு, போனை வைக்கப் போகிற நேரத்தில், "இனி உங்கட ஸிஸ்டம் ஹெலனை எடுக்கும்தானே அம்மா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். அழுது முடியக் கோபம் வந்தது, உன்மேல்தான். மூன்று வருசமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ஒரே வசனத்தில் குத்துகிறானே என்று. பிறகு நீ யாருடைய பிள்ளை என்று யோசித்தேன். அந்த வாய் உனக்கு அப்பாவிடமிருந்து வரவில்லை.

புதன்கிழமை ஹெலன் தனியாக எடுத்தாள். அவள் சொன்னது உனக்குத் தெரியாது. அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் கலியாணத்துக்கு முன் நான் ஹெலனிடம் சொல்லியே தீரவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. சொன்ன பிறகு அந்தக் கலியாணத்தில் எனக்கு ஒரு கதிரை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. முதலில் நீ அறிந்துகொள். போனில் சொல்லப் போனால் நான் மழையையும் முதுகு நோவையும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். இந்தக் கடிதத்தை வேறு யாராவது வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. அப்பாவின் மரண அறிவித்தல் உலகமெல்லாம் போனது. அதில் நான் செய்த காரியமும் போகட்டும்.

நாங்கள் சிட்னிக்கு வந்தது எண்பத்தி நாலாம் ஆண்டுக் கடைசியில். அப்பா நகரசபையில் வரைபடம் கீறினார். நான் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் கணினியில் விபரம் தட்டச் சேர்ந்து, பிறகு அங்கேயே கணினி நிரல் எழுதப் பழகினேன். நாங்கள் இருந்த டூங்கபியில் அந்தக் காலத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அழுகிறவர்கள் ஒரு பக்கம், ரெலிபோனோடு குந்தியிருக்கிறவர்கள் இன்னொரு பக்கம். வானொலிக்குச் சொல்லவேண்டும், பத்திரிகைக்குச் சொல்லவேண்டும், கனடாவுக்கும் லண்டனுக்கும் சொல்லவேண்டும். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும், இன்னாரின் சகலனும் ஆவார் என்று ஒரு முழ நீளத்துக்கு வசனம் போகும். அதில் ஒரு பெயர் விடுபட்டால் போதும், செத்தவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள், சண்டை மட்டும் தலைமுறைக்கு நிற்கும். அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர், தன் மனைவியின் பெயர் தம்பி பெண்சாதியின் பெயருக்குப் பின்னால் வந்துவிட்டது என்று செத்தவீட்டுக்கு வந்தும் உள்ளே வராமல், கார் நிறுத்துமிடத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் அப்பா கேட்டார், "நீர் கொம்பியூட்டரிலதானே வேலை செய்யிறீர், இதுக்கொரு வழி செய்யுமன்."

அப்போது நீ பல்கலைக்கழகத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தாய். எங்கள் கொம்பனியும் பழைய நிரல்களை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு இணையத்துக்குப் போகத் தொடங்கிய நேரம். நானும் நடுவயதில் ஜாவா நிரல்மொழி படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் குசினி மேசையில் இருந்து நீயும் நானும் மரண அறிவித்தலுக்கான அந்த இணையத்தளத்தைக் கட்டினோம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக வேலை செய்தது அந்த மேசையில்தான், கொம்பனியில் இல்லை. ஒரு குடும்பத்தை ஒருமுறை உள்ளே கொடுத்தால் போதும் என்பது எங்கள் எண்ணம். எக்ஸ்எம்எல் முறையில் ஒவ்வொரு விபரத்துக்கும் முன்னும் பின்னும் அது இன்னது என்று பெயர் எழுதி வைத்தோம். இது பெயர், இது பிறந்த இடம், இவர் இன்னாரின் மகன் என்று. நிரல் அதை வாசித்து ஒவ்வொரு ஆளையும் ஒரு ஒப்ஜெக்ட் ஆக்கும், அதாவது தன் விபரத்தையும் தன் உறவுகளையும் தானே வைத்திருக்கிற ஒரு சின்னப் பொட்டலம். செத்தவர் யார் என்று மட்டும் சொன்னால், மாமனார், மைத்துனர், பெறாமகள், பூட்டப்பிள்ளை வரை நிரலே தேடிப் பிடித்து, மூத்தவர் இளையவர் ஒழுங்கில் எழுதித் தரும். ஒரே விபரத்திலிருந்து தளத்துக்கு ஒரு பக்கம், பத்திரிகைக்கு அவர்களுடைய எழுத்துருவில் ஒரு பிரதி, வானொலி அறிவிப்பாளருக்கு மூச்சுவிட்டு வாசிக்க வசதியாக உடைத்த இன்னொரு பிரதி. யாருடைய பெயரும் விடுபடக்கூடாது என்பதற்காகத்தான் அதைச் செய்தோம். அதை நினைத்துக்கொண்டு மீதியை வாசி.

எங்கள் முதல் சண்டையும் அந்த மேசையில்தான். உறவு என்ற இடத்தில் ஆட்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதட்டும் என்றாய் நீ. "அம்மா, அதைத் திறந்து விடுங்கோ. சனத்துக்குத் தெரியும் தாங்கள் ஆரெண்டு." நான் விடவில்லை. "திறந்து விட்டா எங்கட சனம் உற்ற நண்பர், உயிர் நண்பர் எண்டு பாதி சிட்னியை ஏத்திப்போடும்" என்றேன். அப்பா ரீவிக்கு முன்னால் இருந்து சிரித்தார். அனுமதித்த உறவுகள் இவை மட்டும்தான் என்று நான் விதி வைத்தேன். மருமகள் என்றால் முதலில் ஒரு மகன் வேண்டும், பிறகு ஒரு திருமணம் வேண்டும். திருமணம் என்ற ஒப்ஜெக்ட் இல்லாமல் மருமகள் என்ற ஒப்ஜெக்ட் உருவாகவே கூடாது என்று சொல்லி உன்னைக் கொண்டுதான் அந்த வரிகளை எழுதுவித்தேன். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினாய். "இது கொஞ்சம் ஓவர் அம்மா" என்றாய். எழுதிய கை உன்னுடையது, எழுதச் சொன்ன பிடிவாதம் என்னுடையது. விதி உள்ள வீடுதான் வீடு என்று அன்று எனக்குப் பெரிய எண்ணம். தளம் வந்த பிறகு ஊர்ச் சங்கத்தில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பெயர்ச் சண்டைகள் நின்றன. தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

பிறகு நீ வேலைக்குப் போனாய், ஹெலனைக் கூட்டிக்கொண்டு வந்தாய். டப்போவில் பண்ணைக்காரக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை, ஒரு நாளுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று பதில் ஆசிரியையாக வேலை. கலியாணம் கட்டாமலே பரமற்றாவில் ஒரு பிளாட்டில் இரண்டு பேரும் இருக்கத் தொடங்கினீர்கள். நான் சத்தம் போட்டேனா? போடவில்லை. அதைத்தான் இத்தனை வருசமும் என் பெருந்தன்மை என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் வரும்போதெல்லாம் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, தங்க விளிம்பு வைத்த விருந்தாளிக் கோப்பையில்தான் தேத்தண்ணி கொடுத்தேன். உனக்கும் அப்பாவுக்கும் எனக்கும் வழக்கமான கோப்பை, அவளுக்கு மட்டும் அது. அவள் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் தானே கவனமாகக் கழுவித் துடைத்து வைப்பாள். எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும் அது மரியாதை இல்லை, வாசலோடு நிறுத்துவது என்று. அப்பாவுக்கும் தெரிந்திருந்தது.

அவருடைய சிறுநீரகம் பழுதான பிறகு, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்ய அவரைக் கொண்டுபோனது யார்? நீ வேலையில். நான் கொம்பனியின் புதுத் தளத்தைத் திறக்கும் அவசரத்தில். லீவு கேட்டிருக்கலாம், தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அந்த இயந்திரத்தில் அவரைப் பூட்டி வைத்திருப்பதைப் பார்க்க எனக்குப் பயம். அதை வேலை என்று சொல்லி மறைத்தேன். ஹெலன் பள்ளிக்கூட வேலையை அந்த நாட்களில் எடுக்காமல் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். மணிக்கணக்காகப் பக்கத்தில் இருந்து அவரிடம் தமிழ்ச் சொற்கள் கேட்பாளாம். அவர் அவளைப் பிள்ளை என்பார், அவள் அவரை மாமா என்பாள். ஒருநாள் அவர் இரத்தம் சுத்தமாகி வீட்டுக்கு வந்து களைத்துப் போய்ச் சாய்ந்திருக்கும்போது, நான் அந்தத் தங்க விளிம்புக் கோப்பையை எடுப்பதைப் பார்த்தார். "இஞ்சரும், அந்தப் பிள்ளைக்கு எங்கட கோப்பையில தேத்தண்ணி குடுமன்" என்றார். "கலியாணம் முடியட்டும், குடுக்கிறன்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்னை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருக்கவில்லை. அன்றாவது பேசியிருக்கலாம் என்று இப்போது அவரோடும் கோபிக்கிறேன்.

அவர் போன அன்று வீடு நிறைய ஆட்கள். மற்ற எந்தச் சாவுக்கும் விபரம் ஏற்றுவது நான்தான். அன்று நீ, "நான் செய்யிறன் அம்மா" என்று அறைக்குள் போய் இருந்தாய். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, குசினியில் ஆட்களுக்கு நடுவே நின்ற என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, ஹெலனை எடுக்குதில்லை." நான் வந்து பார்த்தேன். திரையில் சிவப்பு எழுத்தில், தவறு, திருமண விபரம் இல்லை என்று நின்றது. அந்த வசனத்தை எழுதியதும் நான்தான். சேமிக்க முடியாது, ஆளை நீக்கு என்று அதற்குக் கீழே ஒரு பொத்தான். எனக்குப் பின்னால் சங்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் என் மகன் கலியாணம் கட்டாமல் ஒருத்தியோடு இருக்கிறான் என்று உலகத்துக்கே அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. "ஸிஸ்டம் எடுக்காட்டி நான் என்ன செய்யிறது?" என்றேன். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் வங்கியிலும் அலுவலகங்களிலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எனக்குச் சொன்ன வசனம் அது. எத்தனை தரம் அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து திட்டியிருக்கிறேன். அதை என் பிள்ளைக்கு நான் சொன்னேன்.

நீ திரையின் பக்கம் திரும்பினாய். பிறகு "ஃபைன்" என்றாய். பொத்தானை அழுத்தினாய், ஹெலன் நீங்கினாள், அறிவித்தல் போனது. அன்று நான் நினைத்தேன், சரி, பிள்ளை விளங்கிக்கொண்டான் என்று. கனகாலத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வரிகளை எழுதியவன் நீ. எந்தக் கோப்பில், எந்த இடத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கடவுச்சொல்லும் தெரியும். என்னைக் கேட்காமலே நீ அதை மாற்றியிருக்கலாம். ஆனாலும் எழுந்து வந்து என்னைக் கேட்டாய். நீ நிரலைத் திருத்தித் தரும்படி கேட்கவில்லை. அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று நான் ஒருமுறை என் வாயால் சொல்லவேண்டும் என்று கேட்டாய். அதைக் கேட்க அன்றைய நாளை விட்டால் வேறு நாள் உனக்குக் கிடைத்திருக்காது. ராசா, அது விளங்காத மண்டையாக நான் இருந்துவிட்டேன்.

நாங்கள் ஒன்றைத் தட்டினால் மூன்று இடத்துக்குப் போகும்படி கட்டியிருந்தோம் அல்லவா? விடுபட்டதும் மூன்று இடத்திலும் விடுபட்டது. வானொலியில் வாசித்தார்கள். பத்திரிகையில் அப்பாவின் படத்தோடு வந்தது. செத்தவீட்டில் ஹெலன் வெள்ளைச் சட்டையோடு பின்வரிசையில், உன் வேலையிடத்து நண்பர்களோடு நின்றாள். யாரும் அவளை முன்னுக்குக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டிருந்தால் மற்றவர்களும் கூப்பிட்டிருப்பார்கள். இதுவரை சொன்னது உனக்குத் தெரிந்த கதை. இதற்காகத்தான் நீ அந்த வருசக் கடைசியில் மெல்பேர்னுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாய் என்பதும் எனக்குத் தெரியும். சம்பளம் கூட என்று நீ சொன்னதை நான் ஒரு நாளும் நம்பவில்லை.

உனக்குத் தெரியாதது இனித்தான் வருகிறது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று, சமையல் நடந்துகொண்டிருக்கும்போது, ஹெலன் அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீயும் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவளை நோகடிக்காமல் மறைத்திருக்கிறாய். துண்டை மேசையில் வைத்து, "மாமி, இதில் நான் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுடைய கண் சிவந்திருந்தது. அப்பாவுக்காக அந்த வீட்டில் மறைவில் போய் அழுதவள் அவள் ஒருத்திதான். அப்போதுகூட நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். விரலை வைத்தேன். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று கடைசியில் எல்லா அறிவித்தலிலும் வருமே, அந்த வரியில் வைத்தேன். "இதுதான்" என்றேன். அவள் தன் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பிள்ளைகளின் கொப்பியில் கோடு கீறுவதைப்போல, நான் காட்டிய சொற்களுக்குக் கீழே நேராக ஒரு கோடு போட்டாள். "தாங்க் யூ, மாமி" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கறி அடிப்பிடிக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு வருசம் அந்த விதியை அப்படியே வைத்திருந்தேன். மெல்பேர்னிலிருந்து ஒரு மலேசிய அம்மா போன் எடுத்தபோதுதான் அது உடைந்தது. ஓய்வுபெற்ற தாதி, கிறிஸ்தவர். அவருடைய தோழி இறந்துவிட்டார். இரண்டு பேரும் படிக்க வந்த காலத்திலிருந்து ஒரே வீட்டில் இருந்தவர்கள். தோழியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அறிவித்தல் ஏற்றிவிட்டார், அதில் இவருக்கு இடமில்லை. "எம் பேர எங்கயாச்சும் போட முடியுமாம்மா?" என்று கேட்டார். என் வாய் பழக்கத்தில், "ஸிஸ்டம் எடுக்காது அன்ரி" என்றது. அவர் கோபிக்கவில்லை. "அப்படியா, பரவால்லம்மா. நான் சர்ச்ல உக்காந்து அழுதுக்கறேன்" என்றார். போனை வைத்தேன். பிறகு கணினியைத் திறந்து அந்த விதியை அழித்தேன். உறவு என்ற இடத்தில் ஆட்கள் வேண்டியதை எழுதலாம் என்று, நீ அன்றைக்குக் கேட்டபடியே ஆக்கினேன். முன்னால் வைத்திருந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. பெரிய வேலையாக இருந்திருந்தால் எனக்கு ஒரு சாட்டாவது இருந்திருக்கும். அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, தன்னை என்னவென்று போடவேண்டும் என்று கேட்டேன். "கூடவே இருந்தவள்னு போடுங்கம்மா" என்றார். அப்படியே போட்டேன். நான் பயந்தபடி பாதி சிட்னி ஒன்றும் வந்து ஏறவில்லை. சனத்துக்குத் தாங்கள் யார் என்று தெரிந்துதான் இருக்கிறது.

இதை உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் புள்ளி கேட்பதுபோல இருக்கும் என்று நினைத்தேன். ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்விக்குப் பதில் இது. கலியாணம் கட்டாவிட்டாலும் எடுக்கும், இரண்டு வருசமாக எடுக்கும். அந்த விதி போன அன்றே அப்பாவின் அறிவித்தலையும் திறந்து ஹெலனின் பெயரைத் தட்டினேன். சேமிக்கவில்லை. தளத்தில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு பெயரைச் செருகிவிட்டு, எப்போதும் அங்கே இருந்ததுபோல நடிப்பது இன்னொரு பொய் என்று பட்டது. வானொலியில் வாசித்ததை நான் எங்கே போய்த் திருத்துவது? அப்பாவின் காதிலேயே விழாமல் போன ஒரு சொல்லை யாருக்குத் திருத்துவது?

நீயும் இப்போது பெரிய தளங்களைக் கட்டுகிறாய், உனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தொழிலில் நான் உனக்குச் சொல்ல இனி ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. தவறு என்று சிவப்பில் எழுதும்போது, அதை வாசிக்கப் போகிறவர் அன்று எப்படிப்பட்ட நாளில் இருப்பார் என்று யோசித்துவிட்டு எழுது. கலியாணத்துக்கும் அதே புத்திதான். உன்னால் செய்யக்கூடிய ஒன்றை ஹெலன் கேட்டால், செய்ய விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்றே சொல். சண்டை வரும், வரட்டும். முடியாது என்று மட்டும் சொல்லாதே. நான் அப்பாவுக்கு எத்தனையோ முறை முடியாது என்றேன், ஒன்றும் முடியாததாக இருக்கவில்லை.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். ஹெலன் சந்தோஷமாக எடுத்தாள். உனக்கு ஒரு கலியாணப் பரிசு தயாரிப்பதாகவும், உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னாள். அப்பாவின் படத்தையும், அந்தப் பத்திரிகைத் துண்டையும் ஒன்றாகச் சட்டம் போடக் கடையில் கொடுத்திருக்கிறாளாம். கலியாணத்தன்று புது வீட்டு வரவேற்பறையில் மாட்டி, வருகிற எல்லாருக்கும் காட்டப் போகிறாளாம். "என் பெயருக்குக் கீழே நான் கோடு போட்டேனே, அது அப்படியே தெரிகிறது, மாமி" என்றாள். உன் தமிழ் நண்பர்கள், உறவுக்காரர் எல்லாரும் அன்று வந்து நிற்பார்கள். அவள் பெருமையோடு விரலை வைத்து, இது நான் என்று காட்டுவாள். அவர்கள் வாசிப்பார்கள். அந்த இடத்தில் அவள் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் சொன்ன ரகசியத்தை உடைத்துவிட்டேன், எல்லாம் முடிந்த பிறகு அவளிடம் நீ அதற்கு மன்னிப்புக் கேள். மற்றதற்கு நான் கேட்கிறேன்.

நீ அவளுக்குச் சொல்லாதே. நீ சொன்னால் என்னைக் காப்பாற்றிச் சொல்வாய், அம்மா அன்று கவலையில் இருந்தா, அந்தக் காலத்து மனுசி என்று மெழுகுவாய். நான் கவலையில்தான் இருந்தேன், ஆனாலும் என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். சட்டம் கடையிலிருந்து வருவதற்கு முன், வருகிற சனிக்கிழமை நான் மெல்பேர்னுக்கு வருகிறேன். விமான நிலையத்துக்கு நீ வரத் தேவையில்லை, ராக்சியில் வருவேன். அவளைத் தனியாக இருத்தி, அந்தத் துண்டில் உன் பெயர் இல்லை, நான்தான் விடவில்லை, பிறகு பொய்யும் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்வேன். அப்பாவின் அறிவித்தலை அவளுக்கு முன்னால் திறந்து வைப்பேன். தன் பெயர் அதில் வரவேண்டுமா, வந்தால் என்னவென்று வரவேண்டும், ஒன்றும் வேண்டாமா, அவளே சொல்லட்டும். போ என்றால் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவேன். அப்போது நீ எனக்காக அவளோடு வாதாடினால் உன்னோடுதான் கோபிப்பேன்.

இந்த வருசங்கள் எல்லாம் அவள் என்னை மாமி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இதைக் கேட்ட பிறகு என்னவென்று கூப்பிடுவாளோ தெரியாது. என்னவென்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

அம்மா